நாற்பத்திரண்டு சாவி

நான் துடைத்த படிக்கட்டு ஈரமாக இருந்தால், தையல்காரத் தம்பி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக ஏறிப்போவார்.

எங்கள் கட்டடத்துக்கு அவர் புதிது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வீட்டை உறுதிசெய்வேன் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் சொல்லியிருந்தார். தம்பியின் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் வாரம் ஒரு தாள் வேடிக்கையாக எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டத் தொடங்கினார். மூன்றாம் மாடியில் முரண்டுபிடிக்கும் லிஃப்டைப் பற்றி எழுதியதும் எல்லாரும் சிரித்தார்கள். பேச்சும் கொடுத்தார்கள்.

கெடு முடிகிற வாரம் செயலாளரைப் பற்றியே எழுதிவிட்டார். "நம்ம செயலாளர் இடுப்புல நாப்பது சாவி. அந்தச் சத்தம் கேட்டா குழாய்த் தண்ணிகூட நின்னு வழிவிடும்."

செயலாளர் வந்து தாள் முன்னால் நின்றார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓரமாக விலகிக்கொண்டார்கள். தம்பிக்கு முகம் வெளிறிப்போனது. 'கடவுளே, மாசமா இருக்கிற பொண்ணு எங்க போவா' என்று நான் துடைப்பத்தைப் பிடித்தபடி வேண்டிக்கொண்டேன்.

செயலாளர் இரண்டு தடவை படித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நாப்பது இல்லய்யா, நாப்பத்திரண்டு" என்று திருத்தினார். "அதுல பதினொண்ணு எந்தப் பூட்டுக்குன்னு எனக்கே தெரியாது. அதையும் எழுது. எழுதிட்டு, வீட்டு ஒப்பந்தத்துல கையெழுத்து போட வா."

ஆறு வருடம் கழித்து தம்பி குடும்பத்தோடு ஊர் மாறிப் போனார். சாமான் ஏற்றும்போது கேட்டேன். "எல்லாரையும் எழுதினீங்க, என்னை மட்டும் விட்டுட்டீங்களே தம்பி?"

"எழுத உக்காந்தேன்க்கா. நீங்க தொடச்ச படி மாதிரியே இருந்துச்சு. மிதிக்க மனசு வரல" என்றார்.