சலவைக்கடை விலாசம்

இங்கிலாந்தின் ஹல் நகரில் என் கணக்கு அலுவலகத்துக்குக் கீழே மாக்சீன் ஓல்ட்ராய்டின் சலவைக்கடை. துவைக்கும் இயந்திரங்கள் பன்னிரண்டு, ஒரு நீளப் பெஞ்சு. காலை ஏழு மணிக்குத் திறந்தால் மாலை ஏழுவரை அந்த அம்மாள் கல்லாவை விட்டு லேசில் நகரமாட்டாள். வருகிறவர்கள் எல்லோரும் அவளுக்குக் ‘கண்ணு’தான், கோபம் வந்தால் மட்டும் ‘தம்பி’. என்னை ‘கணக்குப்பிள்ளை’ என்பாள். அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கிர்ஸ்டி என்றொரு பெண் என்னிடம் வந்தாள். படகு இருக்கைகளுக்கு மெத்தையும் உறையும் தைப்பவள். ஒரு படகுத்துறை பெரிய ஆர்டர் தரத் தயாராக இருந்தது, ஆனால் பதிவான கம்பெனிக்குத்தான் தருவார்களாம். படிவத்தில் விலாசம் என்ற கட்டம் வந்ததும், வீட்டு விலாசத்தையே போட்டுவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

அதை யார் வேண்டுமானாலும் பார்க்க முடியுமா என்று கேட்டாள். முடியும், பொதுப் பதிவேடு அதற்குத்தானே என்றேன். பிறகுதான் மெதுவாகச் சொன்னாள். முன்னாள் கணவன் டீன் கதவை உடைத்துக்கொண்டு வந்து அடித்தபின் ஊரைவிட்டு ஓடிவந்தவள் அவள். நெருங்கக்கூடாது, தேடிப்போகக்கூடாது என்று அவனுக்கு நீதிமன்ற உத்தரவு இருந்தும், மூன்று முறை தொலைபேசி எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. அவள் வீடு எங்கே என்று மூன்று பேருக்குத்தான் தெரியும். அதைத்தான் நான் ஊருக்கே பறைசாற்றப் பார்த்தேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

என் அலுவலக விலாசத்தைப் போடலாமென்றால், அது வாரத்தில் இரண்டே நாள் திறக்கும். லண்டனில் கம்பெனிகளுக்குக் காசுக்கு விலாசம் தருபவர்கள் உண்டு என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோது, சலவை செய்த என் சட்டைகளோடு மாக்சீன் வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஒட்டுக்கேட்டதற்காக அவள் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த விலாசம் என்ன வேலை செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டாள். கடிதம் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்க நிஜமான ஆள் இருக்க வேண்டும், வெறும் தபால்பெட்டி எண் போதாது, கம்பெனி பெயரை அங்கே எழுதி மாட்டியிருக்க வேண்டும் என்றேன்.

“நாள் பூரா நான் அதைத்தானே பண்றேன்? உக்காந்து அடுத்தவங்க சாமானை வாங்கி வைக்கிறேன். என் கடையைப் போடு” என்றவள், கிர்ஸ்டி பக்கம் திரும்பினாள். “ஆனா ஒண்ணு கண்ணு. நீ மட்டும் இந்தக் கடைப்பக்கம் தலைகாட்டக் கூடாது.”

சோப்புத்தூள் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கம் கம்பெனி பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினாள். படகுத்துறை ஆட்களின் வேலை உடுப்புகள் வாராவாரம் அவளிடம்தான் சலவைக்கு வரும். கிர்ஸ்டியின் கடிதங்கள் அந்த மூட்டைக்குள், உடுப்பின் மடிப்புக்குள் மறைந்து படகுத்துறைக்குப் போய், அங்கே அவள் கையில் சேர்ந்தன. சட்டத்தைக் கரைத்துக் குடித்த எனக்கு இந்த யோசனை வந்திருக்காது.

ஆறு மாதம் ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை புதிதாக ஒருவன் வந்து சட்டைகளைத் துவைக்கப் போட்டுவிட்டு மதியம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நன்றாகச் சிரித்துப் பேசினான். அடுத்த வியாழனும் வந்தான். மூன்றாவது வியாழன் நான் துணிக்கூடையோடு படியிறங்கியபோது, மாக்சீன் கல்லாவை விட்டு எழுந்துவந்து அவன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“மூணு வாரமா அதே நாலு சட்டையைக் கொண்டுவர்ற, தம்பி. காலர்ல அழுக்கில்ல, கக்கத்துல வேர்வையில்ல. முப்பது வருசமா இந்த ஊர் அழுக்கைப் பாக்குறவ நான். துவைக்க வந்தவன் யாரு, காத்துக் கிடக்க வந்தவன் யாருன்னு எனக்குத் தெரியாதா?”

அவன் சிரித்தபடியே எழுந்து சுவரிலிருந்த அட்டையைக் காட்டினான். அந்தக் கம்பெனிக்காரி தன் பெண்டாட்டி என்றும், அவள் வீடு எங்கே என்று சொன்னால் பேசாமல் போய்விடுவதாகவும் சொன்னான். சொல்லச்சொல்ல மாக்சீனை நெருங்கினான். ஆறடி ஆள். நான் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிலேயே நின்றேன். என் வீரம் அவ்வளவுதான். கல்லாமேல் படகுத்துறைக்குப் போக வேண்டிய உடுப்பு மூட்டை இருந்தது. அதற்குள் கிர்ஸ்டிக்கு வந்த கடிதம், அவன் கைக்கெட்டும் தூரத்தில்.

மாக்சீன் ஓரடிகூடப் பின்வாங்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“அந்தக் கம்பெனிக்கு விலாசம் நான்தான். சொல்ல வேண்டியதை எழுதிக் குடு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன். வேற ஒண்ணும் உனக்கு இங்க கிடைக்காது. இன்னிக்கு நீ வந்து உக்காந்ததுமே போலீசுக்குச் சொல்லியாச்சு.”

அவன் வாசலைப் பார்த்தான். வண்டி அப்போதுதான் வந்து நின்றது. நீதிமன்ற உத்தரவை மீறியதற்காக அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனுடைய சட்டைகள் இயந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன.

மாக்சீன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“சட்டப்படி சரியாத்தானே சொன்னேன், கணக்குப்பிள்ளை?” என்றாள்.

சரிதான் என்றேன். அதைவிடச் சரியாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் எழுந்து கல்லாவுக்குப் போனாள். மூட்டையைப் பிரித்து, கடிதத்தின் முனை வெளியே தெரிகிறதா என்று பார்த்து, அந்த உடுப்பை இன்னொரு மடிப்பு மடித்து வைத்தாள்.