கிள்ளான் வீட்டில் மண்ணுக்கடியிலிருந்து வரும் காற்று

கிள்ளான் நகரைத் தாண்டியதும் எங்கள் பஸ் சூடாகிப் புகைவிட்டு நின்றுவிடுகிறது. மத்தியான வெயில். டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு மேட்டில் உள்ள ஒரு வீட்டுக்குப் போகிறார். பஸ்ஸைத் திட்டிக்கொண்டே நானும் போகிறேன். தகரக் கூரை வீடு, உள்ளே அடுப்பாய்க் கொதிக்கும் என்று நினைத்துத்தான் நுழைகிறேன். கொதிக்கவில்லை. சுவரின் அடியில் இருக்கும் ஓர் ஓட்டையிலிருந்து இதமான காற்று வந்து கணுக்காலைத் தொடுகிறது. அதற்கு நேரே, சாரோங் துணியில் கட்டிய தொட்டிலில் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது.

"பின்னால ஆழமா தோண்டி பைப் பொதைச்சிருக்கேன் அண்ணே," என்கிறார் வீட்டுக்காரர் குணா. "மேல எவ்ளோ காய்ஞ்சாலும் அடிமண்ணு சூடாகாது லா. காத்து அது வழியா வந்தா சூடு குறைஞ்சிடும். ஏர்கோன் மாதிரி ஜில்லுன்னு இருக்காது. ஆனா காத்தை இழுக்க ஒரு சின்ன ஃபேன் ஓடினா போதும், கரண்டும் மிச்சம்."

ஓட்டைக்கு மேலே சுவரில் விளக்குப் புகையின் கறையும் ஒரு வெற்று ஆணியும் தெரிகின்றன. என்ன என்று கேட்கிறேன். குணா சிரிக்கிறார். அவர் மனைவி பதில் சொல்கிறார்.

"அங்கதான் சாமி படம் இருந்துச்சு. இவரு சரியா அதுக்குக் கீழ ஓட்டை போட்டுட்டாரு. கீழ வெச்ச வெளக்கு ஏத்த ஏத்த அணைஞ்சிருச்சு. ஓட்டைய அடைங்கன்னு சண்டை போட்டேன்."

"ஆனா அடைக்கலையே?" என்கிறேன்.

"அன்னிக்குத்தான் புள்ள முதல் தடவையா மத்தியானத்துல அழாம தூங்குச்சு. சாமிய சமையல்கட்டுக்கு மாத்திட்டேன். சாமிக்கு வேர்த்தா அழாது லா."