ஓடைத் துணியில் ஐந்து விரல்

எனக்கு அப்போது வாய் நீளம். இப்போதும் குறைந்தபாடில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

கண்டிக்குப் போகும் கடுகண்ணாவைக் கணவாயில் ரயில் ஏறத் தொடங்கிச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் மலை முழுக்கக் கோப்பி. பழம் பறிக்கையில் சறுக்கி விழுந்து என் கணுக்கால் பிசகியதால், மலையிலிருந்து இறக்கி ஓடைக்கரையில் போட்டார்கள். வேலை இரண்டுதான். ஓடைக்குக் குறுக்கே, நடுவில் வாய் வெட்டிய பலகை ஒன்று நின்றது. பக்கத்தில் ஒரு கம்பு, கம்பு நெடுக ஆணிகள். தண்ணீருக்குள் எத்தனை ஆணி என்று காலையில் பார்த்துச் சொல்ல வேண்டும். நான்கு ஆணி முழுகியிருந்தால் ஆலைச் சக்கரம் சுற்றும், பழத்தோலை உரிக்கலாம். மூன்றென்றால் சக்கரம் முனகும், சுற்றாது.

அடுத்தது துணி. ஒரு முழ வெள்ளைத் துணியை ஓடையில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிழிந்து, ஆலையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் கங்காணியிடம் விரித்துக் காட்டுவேன். வெள்ளையாக இருந்தால் அந்தத் தண்ணீரில் கோப்பிக் கொட்டையைக் கழுவலாம். சாம்பல் ஏறியிருந்தால் அன்றைக்கு ஆலை நிற்கும். நிறம் மங்கிய கொட்டையைக் கொழும்பில் கழித்துவிடுவார்கள்.

சாம்பல் வந்தது மலைமுகட்டிலிருந்து. அங்கே ஒரு காரீயக் குழி இருந்தது. பென்சிலுக்குள் இருக்குமே, அந்தக் கரி. சிங்களத்தில் மினிரன் என்பார்கள். குழிக்குள் ஊறும் தண்ணீரை இறைத்து எங்கள் ஓடையில்தான் விட்டார்கள். இறைத்த நாளில் ஓடை கறுக்கும், இறைக்காத நாளில் தெளியும்.

என் வீட்டுக்காரர் அந்த இறைப்புக்குத்தான் போனார். கோப்பி இலையில் மஞ்சள் பூஞ்சணம் விழுந்து, காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பாதி ஆம்பிளைகளை வேலையில்லை என்று திருப்பி அனுப்பிய வருஷம் அது. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், மறுநாள் பொழுது சாயப் போவார். எத்தனை தேய்த்தாலும் அவர் கையில் ஈயப் பளபளப்பு போகாது. அந்தக் கையால் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, கண்ணாடியைப் பாரு என்று சிரிப்பார். நான் வைவேன். வைது முடித்த பிறகும் கொஞ்ச நேரம் துடைக்காமல்தான் இருப்பேன்.

ஒரு சனிக்கிழமை அவர் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தபோது தூறல். கொடியில் கிடந்த ஓடைத் துணி நனைகிறதே என்று எடுத்து, அழகாக மடித்து உள்ளே வைத்துவிட்டார். உதவி செய்கிறாராம். பழக்காலம் என்பதால் எனக்கு ஞாயிறும் வேலை. விடிந்தும் விடியாமலும் அந்தத் துணியை எடுத்துப்போய், பார்க்காமலே நனைத்துப் பிழிந்து நீட்டினேன். அந்த மங்கல் வெளிச்சத்தில் கங்காணிக்குச் சாம்பல் தெரிந்தது, விரல் தெரியவில்லை. ஆலையை நிறுத்திவிட்டார். குவித்து வைத்த பழமெல்லாம் மத்தியானத்துக்குள் சூடேறிப் புளித்து நாறியது. வெயிலில் துணியை விரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. நடுவில் ஐந்து விரல். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அன்றைக்கு ஓடை தெளிவாகத்தான் ஓடியிருக்கிறது.

கங்காணியிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கோபம் முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"இந்தக் கையோட இனிமே என் வாசப்படிய மிதிக்காதீங்க!"

அவர் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி புள்ள," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலையேறினார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

நானாகப் போய்க் கூப்பிடுவதா? வீம்பு. அந்த வீம்புக்கு ஓடை துணைபோனது. தண்ணீர் கறுத்து வந்தால், மேலே இறைக்கிறார், ஆள் சுகமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். ஓடை தெளிந்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. தோட்டமே கலங்கலைத் திட்டிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி கறுப்புக்காகக் காத்திருந்தேன். அவர் அங்கே இருக்கிறவரை நான் பணிந்து போக வேண்டியதில்லை. என்றைக்காவது அவரே வருவார்.

அடுத்த பழக்காலம் வந்ததும் தோட்டத்துத் துரைக்குப் பொறுமை போயிற்று. ஓடைத் தண்ணீரைத் தினம் ஒரு போத்தலில் பிடித்து வை, ஒரு வாரத்துப் போத்தலையும் கண்டி அரசாங்கக் கச்சேரிக்கு அனுப்பி, குழித் தண்ணீரை மலைக்கு அந்தப் பக்கம் திருப்ப வைக்கிறேன் என்றார். திருப்பிவிட்டால் அவரைப் பற்றி எனக்கு யார் சொல்வார்கள்?

பாறையிடுக்கில் ஊறும் சுனைத் தண்ணீரை ஏழு போத்தலிலும் பிடித்து வைத்தேன். துணியையும் அந்தச் சுனையிலேயே நனைத்துக் காட்டினேன். ஆலை ஓடியது, கொட்டை கழுவினார்கள், காய்ந்த கொட்டை மங்கிப் போனது. கங்காணி ஒரு கையில் போத்தலும் மறு கையில் கொட்டையுமாக வந்தார்.

"போத்தல்ல பளிங்கு, கோப்பில கரி. என்ன கூத்து இது தாயி?"

வாய் நீளமான நான் குனிந்து கம்பில் ஆணி எண்ணினேன். துரையே வந்து தன் கையால் ஏழு நாள் தண்ணீர் பிடித்தார். பழம் முடிவதற்குள் குழித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். வேலையிலிருந்து என்னை நிறுத்தாமல் விட்டது கங்காணியின் இரக்கம்.

ஓடை கண்ணாடியாக ஓடியது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் வீம்பைக் கழற்றி வைத்துவிட்டு, பிசகிய காலோடு மலை ஏறினேன்.

குழிவாயில் தமிழ் பேசியவர் ஒருவர்தான். அக்குறணையிலிருந்து மாட்டில் அரிசியும் கருவாடும் கொண்டுவந்து போடும் முஸ்லிம் நாநா. அடையாளம் சொல்லிக் கேட்டேன்.

"அவர் பெய்ட்டாரே தங்கச்சி. எட்டு மாசமாகுது."

"எட்டு மாசமா?"

"கடைசியா வீட்டுக்குப் போய் வந்த மறுநாள், திங்கக்கிழமை காலையில இருந்து மணல் போட்டுக் கையத் தேச்சிக்கிட்டே இருந்தார். தோல் உரிஞ்சி ரத்தம் வந்திச்சி. வீட்டுக்குப் போகப் போறன், சுத்தமா போகணும்னார். நகக்கண்ணுல இருந்த கறுப்பு மட்டும் போகல்ல. பார்த்துக்கிட்டே இருந்திட்டு, இதோட போனா அவ உள்ள விடமாட்டாள்னு சொல்லிட்டு, கீழ்நாட்டுப் பக்கம் இறங்கிப் பெய்ட்டார்."

அப்படியென்றால் எட்டு மாதம் நான் காத்திருந்தது யாரோ இறைத்த தண்ணீருக்கு.

கீழே வந்து பெட்டியைத் திறந்து, விரல் பதிந்த பிறகு ஓடைக்குக் கொண்டுபோகாமல் போட்டு வைத்திருந்த அந்தத் துணியை எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து மூலை மூலையாகத் தேடினேன். நூல் தவிர ஒன்றுமில்லை. அவர் மேலே கையைத் தேய்த்த அதே திங்கட்கிழமை, நான் கீழே சவுக்காரம் போட்டு, கல்லில் அறைந்து, அந்த ஐந்து விரலையும் வெளுத்திருந்தேன்.