வவுனியாவிலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு ஓர் ஆளுயரக் கண்ணாடி

வன்னிப் பக்கம் போக வழி கேட்டு இந்தத் தளத்துக்கு எழுதுகிறவர்கள் அநேகமாக எங்கே தங்கலாம், எங்கே சாப்பாடு நல்லது என்றுதான் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். அதற்கு முன் நான் முதன்முதலாக அங்கே போன கதையைச் சொல்லவேண்டும். 2001ஆம் ஆண்டு பங்குனி மாதம். இத்தனை வருடம் கழித்தும் எழுத உட்கார்ந்தால் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் இறுதி வருடம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் இணைந்த படிப்பு. டிசைன் ஒரு பட்டம், சில்லறை வணிகம் இன்னொரு பட்டம். இரண்டையும் மூன்று வருடத்துக்குள் திணித்துத் தருவார்கள். விடுமுறை என்று ஒன்று கிடையாது. ‘மேர்ச்சண்டைசிங்’ என்று ஒரு பாடம் இருந்தது. எந்தப் பொருளைக் கடையின் எந்த மூலையில், எந்த உயரத்தில் வைத்தால் வாங்க வருபவரின் கை தானாக நீளும் என்பதைப் பற்றிய பாடம். எனக்கு மிகவும் பிடித்த பாடம். என் கோபம் படிப்பின் மேல் அல்ல என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

இறுதித் திட்டம் இரண்டு பட்டங்களுக்கும் பொது. இயங்கும் கடை ஒன்றில் ஒரு மாற்றத்தைச் செய்து, அதனால் என்ன நடந்தது என்று அறிக்கை எழுதவேண்டும். என்னுடன் படித்தவர்கள் குளிரூட்டிய கடைத்தொகுதிகளைத் தெரிவுசெய்தார்கள். நான் என் சித்தியின் புடைவைக்கடையைத் தெரிவுசெய்தேன். சித்தி அம்மாவின் தங்கை. கிளிநொச்சி நகரில் இருந்த கடையைச் சண்டையில் இழந்து, ஸ்கந்தபுரத்தில் ஒரு தகரக் கொட்டிலில் மறுபடி தொடங்கியவர். முந்திய வருடம் கண் காட்ட வவுனியாவுக்கு வந்தபோது, “பெண்பிள்ளையள் சட்டையை உடுத்திருக்கிறதுக்கு மேல வைச்சுப் பாத்துத்தான் வாங்குகினம். மாத்திப் பாக்க ஒரு மறைப்பில்லை, ஒரு கண்ணாடியில்லை” என்று சொல்லியிருந்தார். ஒரு மறைப்பு, ஓர் ஆளுயரக் கண்ணாடி. என் திட்டம் அவ்வளவுதான்.

சில்லறை வணிகம் படிப்பித்த விரிவுரையாளர் என் தலைப்பைப் பார்த்துவிட்டு, “அங்கே கடைகள் இருக்கின்றனவா?” என்று கேட்டார். கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். ஒரு நாள் பயணத்தில் போய்ச் சேரவேண்டிய இடம். அங்கே லட்சக்கணக்கில் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் உடுப்பு உடுத்துவார்கள், உடுப்பு எங்கேயோ வாங்கவேண்டும் என்று நினைத்துப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. “ஓம் சேர், இருக்கின்றன” என்று மட்டும் சொன்னேன்.

கொழும்பு கோட்டையிலிருந்து காலை ரயில். வவுனியாவோடு தண்டவாளம் முடிந்துவிடும். அதாவது தண்டவாளம் முன்பு போனது, அப்போது போகவில்லை. சுமார் 250 கிலோமீற்றர். வவுனியாவில் இறங்கியதும் வரிசைக்கு மேல் வரிசை. நான் இந்த நாட்டில் பிறந்தவள், அடையாள அட்டை வைத்திருப்பவள். என் சொந்தச் சித்தியைப் பார்க்கப் போவதற்கான அனுமதி கிடைக்க இரண்டு நாள் ஆனது.

காத்திருந்த நேரத்தில் கடைத்தெருவில் கண்ணாடி வாங்கினேன். கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம். எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டார்கள். எங்கே கொண்டுபோகிறேன் என்று கேட்டார், சொன்னேன்.

“நான் முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீரூற்று ஆள்” என்றார். “தொண்ணூறில இயக்கம் எங்களை எழும்பிப் போகச் சொல்லிப்போட்டுது. கடையைப் பூட்டிச் சாவியைக் குடுத்திட்டு வந்தனான். நீங்க போறீங்க பிள்ளை, நல்லது.” கண்ணாடியை வைக்கோல் வைத்துச் சாக்கில் சுற்றித் தைத்துத் தந்தார்.

மன்னார் வீதியில் ஓர் இராணுவச் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால்தான் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த அந்தப் பக்கம். விடியற்காலையிலேயே நூற்றுக்கணக்கானவர்கள் வெயில் ஏறும் முன் வரிசையில் நின்றார்கள். மருந்து வாங்கி வருபவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் வருபவர்கள். எனக்கு முன்னால் நின்றவர் பிலோமினா அக்கா. நாற்பது வயது இருக்கும். முல்லைத்தீவுக் கடற்கரை ஆட்கள், கணவர் கடற்தொழில் செய்தவர், இடம்பெயர்ந்து இப்போது ஸ்கந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் இருக்கிறார்கள். தாயை வவுனியா ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருகிறார். நான் கொண்டுபோன சாக்கைப் பார்த்து, “கதவோ?” என்று கேட்டார்.

சோதனை மேசையில் சாக்கைப் பிரித்தார்கள். கண்ணாடியில் வெயில் பட்டு அதிகாரியின் முகத்தில் அடித்தது. அதுதான் பிழையாய்ப் போனது என்று நினைக்கிறேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இதைக் கொண்டுபோக முடியாது என்றார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஏன் என்று கேட்டேன்.

“வெளிச்சம் காட்டி சமிக்ஞை கொடுக்கலாம்.”

“இது புடைவைக்கடைக்கு. பெண்கள் சட்டை போட்டுப் பார்க்க.”

“அப்படியென்றால் அனுமதி எடுத்து வா.”

வவுனியாவுக்குத் திரும்பினேன். அனுமதி வழங்கும் அலுவலகத்தில் இருந்த உத்தியோகத்தர் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலைப் பார்த்தார். பற்றரி இருந்தது, சீமெந்து இருந்தது, இன்னும் என்னென்னவோ இருந்தன. கண்ணாடி இல்லை. “தடையில்லாத சாமானுக்கு நாங்கள் எப்படி அனுமதி தாறது?” என்றார். அவர் தமிழர்தான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அனுமதி தேவையில்லை என்றாவது எழுதித் தாருங்கள் என்றேன். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார்.

மறுநாள் மீண்டும் சாவடி. அனுமதி எங்கே? தேவையில்லையாம். எழுத்தில் எங்கே? எழுத்தில் தரமாட்டார்களாம். அப்படியென்றால் போக முடியாது. ஒரு சட்டத்தின் பேரில் தடுத்தால் அந்தச் சட்டத்தோடு சண்டை போடலாம். இது சட்டமும் இல்லை, ஒரு மனிதனின் முகத்தில் பட்ட வெயில். கொழும்பில் என் சக மாணவி ஒருத்தி அந்த நேரத்தில் ஒரு கடையின் ஆறு கண்ணாடிகளை எந்தக் கோணத்தில் சாய்க்கலாம் என்று அளந்துகொண்டிருந்தாள்.

கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நானாவிடம் போனேன். அவர் சிரிக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பெரியதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அந்த விலைக்கே பிளாஸ்ரிக் சட்டம் போட்ட முகம் பார்க்கும் கண்ணாடிகளை ஒரு பெட்டி நிறைய அடுக்கித் தந்தார். “முழுசா விடாட்டித் துண்டு துண்டாக் கொண்டு போங்க” என்றார். ஆனால் ஒரே ஆள் ஒரு பெட்டிக் கண்ணாடி கொண்டுபோனால் அதுவும் வியாபாரச் சாமான், அதற்கும் தடை.

மூன்றாம் நாள் வரிசையில் பிலோமினா அக்கா மறுபடியும் நின்றார். அவர் வீட்டுக்கு வாங்கிய மருந்துக்கும் எழுத்தில் ஏதோ குறை என்று அவரையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் பெட்டியோடு யோசித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தார்.

“ஆளுக்கொண்டு குடுங்கோ பிள்ளை” என்றார். “எங்கட முகத்தை நாங்கள் பாக்கிறதுக்கு ஆர் என்ன கேக்கிறது?”

அவரே வரிசையில் இருந்த பெண்களிடம் போய்ச் சொன்னார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொருவராகக் கண்ணாடியை வாங்கிச் சீப்பு, பவுடர் டப்பாவோடு கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்கள். மேசையில் ஒவ்வொரு பையாகத் திறந்தபோது ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடி. ஒரு சிப்பாய் மட்டும், “இன்றைக்கு எல்லோரும் அழகாகத்தான் இருக்கிறீர்கள்” என்றான். அந்தப் பக்கம் போனதும் ஒரு மரத்தடியில் கண்ணாடிகளெல்லாம் என் பெட்டிக்குத் திரும்பி வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

அங்கிருந்து காட்டுப் பாதை. மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு பழைய பஸ், பிறகு உழவு இயந்திரப் பெட்டி. மல்லாவி, அக்கராயன், கடைசியாக ஸ்கந்தபுரம். பின்னேரமாகிவிட்டது. உடம்பு முழுக்கச் செம்மண்.

சித்தி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “கண்ணாடி கொண்டுவாறன் எண்டுதானே சொன்னனீ, இதென்ன சலூன் வைக்கப்போறியோ?” என்றார். அடுத்த நாள் ஒரு பலகையில் கண்ணாடிகளை மேலிருந்து கீழாக இரண்டு நிரையாக ஆணி அடித்து இறுக்கினோம். நீலத் தறப்பாளால் ஒரு மூலையை மறைத்தோம். எதிரே நின்றால் தலை முதல் கால் வரை தெரியும், இடைக்கிடை பிளாஸ்ரிக் கோடுகளுடன்.

கடையின் தரைப்படத்தை அளந்து கீறிக்கொண்டிருந்தேன். யாரோ சொல்லியிருக்கவேண்டும். சைக்கிளில் இயக்கத்து இளைஞன் ஒருவன் வந்தான். “அளவெடுத்துப் படம் கீறிறியளாம். ஆருக்கு?”

“கடையும் என்ரை, அளவும் என்ரை” என்றார் சித்தி.

“பொறுப்பாளரிட்டைக் காட்டிப்போட்டுத் தாறம்” என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வரவே இல்லை. அந்தப் பக்கம் கண்ணாடி ஆபத்து, இந்தப் பக்கம் தரைப்படம் ஆபத்து. நடுவில் சட்டை மாற்றிப் பார்க்க ஓர் இடம் கேட்டவர்களைப் பற்றி இரண்டு பக்கமும் ஒருவரும் கேட்கவில்லை. நான் மறுபடி கீறினேன்.

பிலோமினா அக்கா இரண்டு நாளில் வந்தார். “நாங்கள் கொண்டு வந்தது என்ன ஆச்செண்டு பாப்பம்” என்றுகொண்டு வந்தவரை, சித்தி ஒரு பூப்போட்ட சட்டையைக் கொடுத்து மறைப்புக்குள் அனுப்பினார். வெளியே வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“இது நானோ?” என்றார் மெதுவாக. “வீட்டை அலுமாரியில பெரிய கண்ணாடி இருந்தது. அதை விட்டிட்டு வந்த பிறகு முகத்தை மட்டுந்தான் பாத்தனான். உடம்பு இப்பிடிப் போனது எனக்குத் தெரியேல்லை.”

“இப்ப ஆருக்கு உடம்பு இருக்குது?” என்றார் சித்தி. “சட்டை வடிவா இருக்குது. எடுங்கோ, காசு பிறகு தரலாம்.”

“பிறகும் எங்காலை அக்கா? உந்தக் காசுக்கு மா வாங்கலாம்.” உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி, மடிப்புக் குலையாமல் மடித்துக்கொண்டு வந்து தந்தார். “கோவியாதேங்கோ” என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.

அவர் போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது. ஒரு பெண் தான் மெலிந்துபோனதை ஒரு கடைக்குள் வந்து அறிந்துகொள்கிறார். அதற்கு நான் வழிசெய்து கொடுத்திருக்கிறேன், அதற்குப் பெயர் இறுதித் திட்டம்.

ஆனால் அவர் மறுபடி வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. வேறு பெண்களும் வந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மறைப்புக்குள் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். “கண்ணாடி பாக்க வருகினம், சீலை பாக்க ஒருத்தரும் வரேல்லை. நல்ல படிப்பு” என்று சித்தி முறுமுறுத்தார். நான் கழற்றிவிடவா என்று கேட்டதற்கு, “நீ உன்ரை அலுவலைப் பார்” என்றார்.

இனி, போக இருக்கிறவர்களுக்கு. இப்போது ரயில் வவுனியாவைத் தாண்டிப் போகிறது, பஸ்ஸும் தாராளம். கிளிநொச்சியில் இறங்கி மேற்கே திரும்பவேண்டும். ஓட்டோ பிடித்தால் முதலிலேயே விலை பேசிக்கொள்ளுங்கள். தங்க கிளிநொச்சி வசதி, ஸ்கந்தபுரத்தில் விடுதி எதிர்பார்க்கவேண்டாம். மதியம் அக்கராயன் பக்கம் சிறிய சாப்பாட்டுக்கடைகளில் குளத்து மீன் கிடைக்கும். மாரியில் பாதை ஓரங்கள் சேறு. சித்தியின் கடை இப்போது இல்லை, தேடவேண்டாம். மற்றக் கடைகளுக்குள் போனால் படம் எடுக்க முன்னர் கேளுங்கள்.

திட்டம் என்ன ஆனது என்பதையும் சொல்லி முடித்துவிடுகிறேன். டிசைன் பக்கத்தில் நல்ல புள்ளி தந்தார்கள். சில்லறை வணிக விரிவுரையாளர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, “மாற்றத்துக்குப் பிறகு விற்பனை எவ்வளவு கூடியது?” என்று கேட்டார்.

“கூடவில்லை சேர்.”

“அப்படியென்றால் இது தோல்வி.” சற்று யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை, எனக்கு உதவத்தான் நினைத்தார். “யார் அங்கே போய்ச் சரிபார்க்கப்போகிறார்கள்? பத்து வீதம் கூடியதாக எழுது. கடைசி வரியையும் எடுத்துவிடு. இரண்டு பட்டத்தோடு வெளியே போகலாம்.”

எழுதமாட்டேன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த வருடம் எனக்கு ஒரு பட்டம்தான் கிடைத்தது. மற்றதற்காக அடுத்த வருடம் ஒரு பேரங்காடியில் பிஸ்கற் தட்டை இடம்மாற்றி வைத்தேன். விற்பனை கூடியது, உடனே தேறினேன்.

அவர் எடுக்கச் சொன்ன கடைசி வரி இதுதான்: “சட்டை அளவாக இருந்தது, அவருக்குப் பிடித்திருந்தது, வாங்கவில்லை. அதற்கான காரணம் கடைக்குள் இல்லை.”