சாக்கடை எந்தப் பக்கம் ஓடுது?

நான் அந்த லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த இடம் பாய்லர் அறையை ஒட்டிய மூலை. சுவரே கொதிக்கும். மத்தியானத்துக்குள் தலை சுற்றிவிடும். யாரிடமும் சொல்ல வாய் வராது. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், ஜன்னலோர மேசையில் துணி மடிக்கிற அக்கா என் மூலையில் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்குக் கண்ணுக்கு வெளிச்சம் ஆகலம்மா. நீ ஜன்னல் பக்கம் போயிடு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லியாச்சு," என்றார்.

பாவம், கண்ணில் என்னவோ கோளாறு என்று நம்பினேன். அன்று சாயங்காலப் பிரார்த்தனையில் அந்தக் கண்ணுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். ரொம்ப நாள் கழித்து, கரண்ட் போன ஒரு மத்தியானத்தில், அக்கா வாசலில் சுள்ளென்ற வெயிலில் நின்று, கண்ணைக்கூடச் சுருக்காமல் ஊசியில் நூல் கோப்பதைப் பார்த்தேன். ஒரே தடவையில் கோத்துவிட்டார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. வேண்டுதலை மட்டும் நிறுத்தவில்லை. நல்ல கண்ணுக்கும் ஆண்டவன் துணை வேண்டும்தானே.

பிறகு ஓட்டல்களிலிருந்து பெரிய பெரிய பெட்ஷீட்டுகள் வர ஆரம்பித்ததும் எங்கள் இருவரையும் நடு மேசைக்கு ஜோடியாகப் போட்டார்கள். பெட்ஷீட் மடிப்பது ஒருவரால் ஆகிற வேலை இல்லை. ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, முனையோடு முனை சேர்க்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். கையில் கை பட்டதும் முனையைக் கொடுத்துவிட்டு, தொங்குகிற மடிப்பைக் குனிந்து பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போக வேண்டும். மிஷின் சத்தத்தில் தள்ளி நின்று பேசினால் காதில் விழாது. அதனால் எங்கள் பேச்செல்லாம் கிட்டே வரும்போதுதான். அக்கா ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பின்னால் போவார். அடுத்த முறை நெருங்கும்போது நான் பதில் சொல்ல வேண்டும்.

"ஓட்டல்காரங்க ஏம்மா எல்லாத்தையும் வெள்ளையாவே வாங்குறாங்க? அழுக்கு பட்டா தெரியுமே?"

"தெரியணும்னுதான் போல அக்கா."

"இங்க பாரு, தலையணை உறை ரெண்டு. ஒண்ணுதான் கசங்கியிருக்கு. இன்னொரு ஆள் வரேன்னு சொல்லிட்டு வராம போயிட்டாரோ?"

முன்பின் தெரியாத அந்த இன்னொரு ஆளைப் பற்றி அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன். அக்காவோடு வேலை செய்தால் அப்படித்தான், வீட்டுக்குப் போகும்போது தலைக்குள் நாலு பேர் கூட வருவார்கள்.

எங்கள் பாய்லர்காரர் அவருக்கு வைத்த பெயர் விசாரணை அக்கா. "விசாரணை ஆரம்பிச்சாச்சா? நீங்க மட்டும் போலீஸ்ல சேர்ந்திருந்தா திருடனுங்க தானா வந்து உள்ள உக்காந்துக்குவானுங்க," என்பார்.

அக்கா அசர மாட்டார். "ஏன் பாய்லர்காரரே, நாள் முழுக்க நீங்களும் அதுவும் முணுமுணுன்னு பேசிக்கிறீங்களே, நீங்க அதுக்குக் கதை சொல்றீங்களா, அது உங்களுக்குச் சொல்லுதா?"

அக்காவுக்கு உறவென்று இருந்தது ஒரே ஒரு தம்பி. அம்மா அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காதான். அந்தத் தம்பி தூரத்தில் ஒரு கடலோர ஊரில் படகு மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். கடலுக்குக் கிட்டத்திலேயே தானே கட்டிய வீடு, முன்பக்கம் பட்டறை. அக்கா அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. பஸ் மாறி மாறிப் போக வேண்டிய தூரம். லீவு கிடைத்தால் உடம்புக்கு ஆகாது, உடம்பு தேறினால் லீவு கிடைக்காது. ஆனால் அந்த வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் அவருக்குத் தெரியும். எல்லாம் போனில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஜன்னலைத் திறந்தால் முதலில் என்ன தெரியும், பின்கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா, குளிக்கிற தண்ணீர் எங்கே போய்ச் சேரும்.

"அக்கா, நீ வீட்டை விலைக்குக் கேக்கறியா, இல்ல விசாரிக்கறியா?" என்று தம்பி சிரிப்பார். மடிக்கிற மேசையில் போனை வைத்து, சத்தமாக ஒலிக்கும்படி பண்ணிவிடுவார் அக்கா. கை மடிக்கும், வாய் கேட்கும். அதனால் அவர் குடும்பம் எனக்கும் குடும்பம் மாதிரிதான்.

அந்தப் புயலை நாங்கள் முதலில் பார்த்தது சாப்பாட்டு அறை டிவியில். நீலத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சுழி மெள்ளச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, நடுவுல ஓட்டை மாதிரி இருக்கே, அங்க என்ன இருக்கும்?"

"அங்க காத்தே இருக்காதாம் அக்கா."

"அப்ப அங்க நிக்கிறவனுக்குப் புயல்னே தெரியாதா?"

"கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுரும்," என்றார் பாய்லர்காரர். எல்லோரும் சிரித்தோம். அப்போது திரையின் கீழே ஓடின எழுத்தில் தம்பியின் ஊர்ப் பெயர் வந்தது. அக்கா பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

அடுத்த நாள் கரையோரத்து ஜனங்களை எல்லாம் மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். தம்பி போகவில்லை. ஊரில் இருக்கிறவர்கள் தங்கள் படகு மோட்டாரை எல்லாம் கழற்றிக் கொண்டுவந்து அவர் பட்டறையில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று.

"என்னை நம்பி வச்சிருக்காங்க அக்கா. விட்டுட்டுப் போனா நாளைக்கு யார் முகத்துல முழிக்கிறது? எத்தனை புயலப் பாத்தாச்சு, வரும், கத்தும், போயிடும்."

"உன் பொண்டாட்டி பிள்ளைங்களையாவது அனுப்புடா."

"நான் வந்தாத்தான் வருவாளாம். உன்ன மாதிரியே ஒருத்தி வந்து வாய்ச்சிருக்கா."

அக்கா திட்டினார், கெஞ்சினார். செத்துப்போன அம்மா மேல் சத்தியம் வைத்தார். ஒன்றும் எடுபடவில்லை. போனை வைத்துவிட்டு அடுத்த பெட்ஷீட்டை எடுத்தார். இழுத்த வேகத்தில் என் கையிலிருந்த முனை நழுவிவிட்டது.

நெருங்கி வரும்போது சொன்னேன்: "நான் வேண்டிக்கிறேன் அக்கா. புயல் அந்தப் பக்கம் வராம வேற பக்கம் திரும்பிடணும்னு."

அக்கா முனையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார். மறுபடி கிட்டே வந்ததும் கேட்டார்: "வேற பக்கம்னா எந்தப் பக்கம்?"

நான் முனையை வாங்கிக்கொண்டேன். அக்காவே தொடர்ந்தார்:

"அங்கயும் யாரோ ஒருத்தனோட அக்கா துணி மடிச்சுட்டு இருப்பால்ல?"

அவர் என்னை மடக்கக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பிரார்த்தனை நேற்று இன்று பழகினதில்லை. ஆனாலும் இது என் புத்தியில் உதித்ததே இல்லை. அந்த பெட்ஷீட் முடிந்து, அதற்கடுத்ததும் முடிந்தது. துண்டுகளைக் கொண்டுபோய் அடுக்குகிற சாக்கில் அலமாரிக்குப் பின்னால் நின்று கண்ணை மூடினேன். 'ஆண்டவனே, காற்றை என்ன செய்ய வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லவில்லை. அந்தத் தம்பிக்குச் சொன்னால் கேட்கிற காதைக் கொடு.' திரும்பி வந்து அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"அது சரியா இருக்கு. அதுல யாருக்கும் நஷ்டமில்ல," என்றார்.

மறுநாள் எங்கள் ஊரிலும் மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் தண்ணீர். மத்தியானம் துவைக்கிற மிஷின்களுக்கு நடுவில் தரையில் தண்ணீர் போகிற ஜலதாரை களக் களக்கென்று கொப்பளித்தது. கீழே போன சோப்பு நுரை மேலே ஏறி எங்கள் கால் பக்கம் வந்தது. பாய்லர்காரர் துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

"இது ஏன் எதிர்த்து வருது?" என்றார் அக்கா.

"தெருக் கால்வாய் நிரம்பிடுச்சு. வெளிய போக வழியில்லேன்னா உள்ளதானே வரும்? தள்ளி நில்லுங்க, விசாரணைய அப்புறம் வச்சுக்கலாம்."

அக்கா தள்ளி நிற்கவில்லை. நுரையையே பார்த்தார். பிறகு ஈரக் கையோடு போனை எடுத்தார்.

தம்பி எடுத்ததும், "வான்னு மட்டும் சொல்லாத அக்கா," என்றார். பின்னால் காற்று அழுகிற மாதிரி கேட்டது.

"சொல்லல. ஒண்ணு கேக்கணும். உன் வீட்டுப் பின்னாடி சாக்கடை இருக்கே, அது எந்தப் பக்கம் ஓடுது?"

"என்ன?"

"எந்தப் பக்கம் ஓடுது?"

"கடலுக்குத்தான் ஓடும், வேற எங்க, மலைக்கா ஓடும்? இந்த நேரத்துல இது ஒரு கேள்வியா?"

"இப்ப ஓடுதான்னு போய்ப் பாரு."

"பைத்தியமா அக்கா உனக்கு!"

"ஆமாண்டா. பைத்தியத்துக்குப் பதில் சொல்லிட்டுப் போ. நான் போன வைக்க மாட்டேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனது தெரிந்தது. அக்கா சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகத்தான் போயிருப்பார். போன் பெரிய பெண்ணின் கைக்கு வந்தது. "அத்தை, அப்பா பின்னாடி நின்னு குனிஞ்சு பாக்கறாங்க," என்றது குழந்தை. "அப்பா ஒரு குச்சியப் போட்டாங்க." கொஞ்சம் பொறுத்து, "அத்தை, குச்சி நம்ம வீட்டுப் பக்கமா வருது," என்றது.

எங்கள் மேசையைச் சுற்றி எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள். சூப்பர்வைசர்கூட மிஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

தம்பி வந்தார். குரல் வேறு ஆள் குரல் மாதிரி இருந்தது. "அக்கா. எதிர்ல வருது. ரெண்டாவது படிக்கு வந்துடுச்சு."

நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அக்கா கத்தவில்லை. "கடல்ல எடம் இல்ல போல," என்றார், யாருக்கோ எதையோ விளக்குகிற மாதிரி.

"மோட்டாரெல்லாம் அக்கா..."

"மோட்டார் எங்கேன்னு ஊர் கேக்கும். அதுக்கு நீ உயிரோட இருந்து பதில் சொல்லிக்கலாம். அப்பா எங்கேன்னு இந்தப் பிள்ளை கேட்டா, நான் என்னடா பதில் சொல்வேன்?"

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "குடைய எடுக்காத, அது பறந்துடும், சின்னவளத் தூக்கிக்கோ" என்று மனைவியிடம் சொல்கிற சத்தமும் கேட்டது. அத்தோடு லைன் அறுந்தது.

அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்தப் போனும் எடுக்கவில்லை. அன்று மீதிப் பொழுதும், மறுநாள் காலையும் அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கிட்டே வருவார், முனையைக் கொடுப்பார், போவார். கேள்வி இல்லாத அந்த நடை எனக்குப் பயமாக இருந்தது. பாய்லர்காரருக்குத் தாங்கவில்லை. "அக்கா, ஏதாவது கேளுங்களேன். பாய்லர்ல ஆவி எப்படி உண்டாகுதுன்னு கேளுங்க, சொல்றேன்," என்றார்.

"தெரியும்," என்றார் அக்கா.

"எனக்கே சரியாத் தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் சொன்னபோதும் அக்கா சிரிக்கவில்லை.

மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவருடைய போன். அதில், "அத்தை," என்றது பெரிய பெண்.

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அணை உடைந்தது. "சாப்டியா? யாரு குடுத்தா? எந்த வகுப்பு ரூம்? கதவு மூட முடியுதா? தங்கச்சி எங்க? அம்மா புடவை காஞ்சுதா? அப்பா பக்கத்துல இருக்கானா, ஏன் பேசல?"

"அப்பா அழறாங்க அத்தை."

"அழட்டும், அழட்டும். எதுல சாஞ்சு உக்காந்திருக்கான்? கரும்பலகையிலயா?"

பாய்லர்காரர் முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டார். அது ஓட்டலுக்குப் போக வேண்டிய சுத்தமான துண்டு. சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

தம்பி வீட்டின் முன்பக்கமும் பட்டறையும் போய்விட்டன. மோட்டார்களில் சில சேற்றில் கிடைத்தன, சில கிடைக்கவே இல்லை. ஊர்க்காரர்கள் யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. புயல் கரையேறும் நேரத்தில் கொஞ்சம் விலகி, அடுத்த ஊரைத்தான் முழுசாகப் பிடித்தது என்று சாயங்கால டிவியில் சொன்னார்கள். அந்த ஊரைக் காட்டினார்கள். அக்கா அதை உட்காராமல் நின்றபடியே பார்த்தார். அதுவரை தனக்காக வேண்டிக்கொள் என்று ஒரு நாளும் என்னிடம் கேட்காதவர், "உன் ஆண்டவன்கிட்ட அந்த ஊரையும் சேத்துச் சொல்லும்மா," என்றார்.

இன்றைக்கும் சொல்கிறேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அக்கா வேலையை விட்டுவிட்டார். தம்பி மறுபடி எழுந்து நிற்கிற வரை கூட இருக்கப் போவதாகச் சொன்னார். அந்த வீட்டையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும், பாதி வீடானாலும். பஸ் ஏற்றிவிட நானும் பாய்லர்காரரும் போனோம். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, கண்டக்டரிடம் அந்த பஸ் எத்தனை வருஷமாக ஓடுகிறது என்று விசாரித்து முடித்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார். பஸ் நகரப் போகிற சமயத்தில் ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வீட்ட அதே எடத்துலதான் கட்டுவானாம். கட்டிட்டுப் போறான். பட்டறைய மட்டும் பள்ளிக்கூடத்து மேட்டுல போடச் சொல்லப் போறேன். மோட்டாரெல்லாம் அங்க இருந்தா, அடுத்த புயலுக்கு அவனும் அங்கதானேம்மா போய் நிப்பான்?"