எடைமேடையில் ஏறிய பாவம்

பாவத்துக்கு எடை உண்டு என்று நான் நம்பினேன். உவமையாக அல்ல, கிலோக் கணக்கில். முதன்முதலாக நற்கருணை அப்பம் பெறும் புதுநன்மைக்குப் போகிற வயதில், மற்ற பிள்ளைகள் எல்லாம் கைகூப்பி நிற்கப் பழகிக்கொண்டிருந்தபோது, என் ஆன்மாவை லாரி நிறுக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துப் பார்த்தவன் நான்.

இந்தத் தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் ஒருநாள் தியானம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். "போன வருசத்தைவிட இந்த வருசம் விசுவாச வாழ்க்கையில எவ்வளவு வளர்ந்திருக்கீங்க? உங்களை நீங்களே கேட்டுப் பாருங்க" என்றார். கோயிலே உருகியது. நான் ஒரு கண்ணைத் திறந்து என் தொப்பையைப் பார்த்தேன். வளர்ச்சிக்கு ஒரு குறையும் இல்லை. சிரிப்பை அடக்கப் போய் அது மூக்கு வழியாக வெளியேறிவிட, பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி திரும்பி முறைத்தாள். அந்தக் கேள்வியை யார் கேட்டாலும், சிவப்பு எண்கள் எரிகிற ஒரு பெட்டி எனக்குள் எரிய ஆரம்பித்துவிடும் என்பது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

அந்தப் பெட்டி என் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. நாமக்கல்லில் சேலம் ரோட்டோரமாக ஓர் எடைமேடை நடத்திக்கொண்டிருந்தார். கிழங்கு மூட்டை, கோழித் தீவனம், ஜல்லி என்று எது ஏற்றிய லாரியானாலும் அந்த இரும்பு மேடைமேல் ஏறி நின்றுதான் போகவேண்டும். முதலில் காலி வண்டியை நிறுப்பார்கள், பிறகு லோடு வண்டியை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. பழைய தராசுத் தண்டை எடுத்துவிட்டு அப்போதுதான் சிவப்பு எண் பெட்டியை மாட்டியிருந்தார் மாமா. அதன்மேல் அவருக்கு இருந்த பக்தி கொஞ்சநஞ்சமல்ல. எடையைப் பார்த்து முனகுகிற டிரைவர்களிடம், "நான் பொய் சொல்லுவனுங்க. மெசின் சொல்லாதுங்க" என்பார். யாராவது வேடிக்கை பார்த்தபடி மேடையின் ஓரத்தில் ஒட்டி நின்றால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும். "ஏனுங்க, அக்கட்டால போங்க! லாரிய நிறுக்கறதா, உங்கள நிறுக்கறதா?"

இப்படி மெசின்மேல் பக்தி வைத்த மாமா கோயில் பக்கம் மட்டும் வருவதில்லை. தாத்தாவை அடக்கம் செய்தபோது, கல்லறையில் எந்த இடம் என்பதில் கோயில் கமிட்டியோடு அவருக்குச் சண்டை வந்தது. அன்று மண் போட்டுவிட்டு வெளியே வந்தவர்தான். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் அம்மா கூப்பிடுவாள். "லோடு இருக்குதுக்கா" என்பார் மாமா. ஊரே கடையடைத்த நாளிலும் அவருக்கு மட்டும் லோடு இருக்கும்.

எங்களுக்குப் புதுநன்மைப் பாடம் நடத்திய சிஸ்டர் நல்லவர். செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வரும்போது பாவச் சுமை இறங்கி ஆன்மா பஞ்சுபோல லேசாகிவிடும் என்று அவர் கையை விரித்துக் காட்டியபோது, எனக்குப் பஞ்சு தெரியவில்லை, லாரி தெரிந்தது. சுமை இறங்குகிறது என்றால் காலி வண்டி ஒன்று, லோடு வண்டி ஒன்று. வித்தியாசம்தான் பாவம். இதை இதுவரை யாருமே நிறுத்துப் பார்க்கவில்லையே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மதியம் எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். மறுநாள் புதுநன்மை. காலையிலேயே மாமாவுக்குப் பலகாரம் கொண்டுபோகிற சாக்கில் எடைமேடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மாமா டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்ப நீயி காலி வண்டியா, லோடு வண்டியா மாப்ளே?"

"லோடுங்க மாமா. சாயங்காலம் காலியா வாரேனுங்க."

"அப்ப ஏறு."

லாரிக்கான மேடையில் தனியாக நின்றேன். பெட்டியில் முப்பது என்று எரிந்தது. அந்த மெசின் பத்துப் பத்தாகத்தான் காட்டும். சில்லறைப் பாவமெல்லாம் அதற்குக் கணக்கே இல்லை. குறைந்தது இருபதுக்காவது இறங்கவேண்டும் என்று குறித்துக்கொண்டு கிளம்பினேன்.

கோயிலில் எனக்கு முன்னால் மண்டியிட்டவன் எங்கள் வகுப்பிலேயே பெரிய போக்கிரி. பல்லிக்கு வால் அறுப்பவன். தேம்பித் தேம்பி அழுதுகொண்டே சொல்லிவிட்டு, எழுந்ததும் விசிலடித்துக்கொண்டு போனான். அவன் முழங்காலிட்ட சூடு ஆறுவதற்குள் நான் முழங்காலிட்டேன். பாயசத்து முந்திரியில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்து, கொஞ்சம் செபமும் சொல்லச் சொன்னார். வெளியே வந்தபோது நிஜமாகவே உடம்பு லேசாக இருந்தது. பதற்றத்தில் மதியம் சாப்பிடாததும் காரணமாக இருக்கலாம்.

நேராக எடைமேடைக்கு ஓடினேன். அப்போது லாரி எதுவும் இல்லை. மாமா மேடையை ஒட்டிய கேபின் வாசற்படியில் சாய்ந்து, கையில் டீயோடு நின்றிருந்தார்.

"வாங்க காலி வண்டி! ஏறு ஏறு. நிமிந்து நில்லு. கீழ பாக்காதே, பொட்டியப் பாரு."

நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தேன். எண்கள் இப்படியும் அப்படியும் ஆடின. பிறகு நின்றன. ஐம்பது.

"அடேயப்பா!" என்றார் மாமா. "எறக்கிட்டு வரச்சொன்னா ஏத்திட்டு வந்துட்டியே!"

அவர் என்னவோ சிரித்தார். நான் மேடையிலிருந்து குதித்து ஓடினேன். மெசின் பொய் சொல்லாது. அப்படியானால் எங்கே தப்பு? ஓடுகிற ஓட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு முன்னால் மண்டியிட்ட அந்தப் பல்லிக்காரன்! அவன் இறக்கிவைத்துவிட்டுப் போன சரக்கை எடுத்து அப்புறப்படுத்துவதற்குள், நான் அதே இடத்தில் போய் நின்று ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வண்டி மாறி லோடு ஏறுவது எங்கள் ஊரில் நடக்காத காரியமா? அதனால்தான் அவன் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான், பாவி. இல்லை, இப்போது பாவி அவனில்லை. நான்.

மறுபடியும் கோயிலுக்கு ஓடினேன். சாயங்காலம் பெரியவர்களுக்கான பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. வரிசையில் புகுந்து மண்டியிட்டேன். மரத் தட்டியின் துளைகளுக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் எட்டிப் பார்த்தார்.

"மறுபடியும் என்னப்பா?"

"சாமி, பாவம் எறங்கலீங்க. ஏறிருச்சுங்க."

"யாரு சொன்னா?"

"மெசினுங்க. மாமாவோட வேபிரிட்ஜுங்க. முப்பது இருந்துச்சு, இப்ப அம்பதுங்க."

 தட்டிக்கு அப்பால் சாமியாருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமி இருமி நாற்காலியே ஆடியது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பரிகாரமா வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடு" என்றார்.

 ஏற்கனவே ஐம்பது. இதில் சாப்பிட வேறு சொல்கிறாரே!

வீட்டில் எனக்காகத் தைத்த வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. பாவத்தோடு நன்மை வாங்கினால் என்ன ஆகும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அதை நினைத்ததும் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டேன். ஆத்தூரிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்திறங்கி, "புதுநன்மைக்காரன் எங்கே?" என்று தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் அம்மாதான் குனிந்து பார்த்தாள்.

"கண்ணு, வெளிய வா. சோறு ஆறுது."

"நான் நாளைக்கி நன்மை வாங்கமாட்டனுங்கம்மா."

காரணத்தை அவள் என் வாயிலிருந்து பிடுங்கி எடுத்தாள். கேட்டு முடித்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து, என் நிலைமை நான் நினைத்ததைவிட மோசம் என்று முடிவுசெய்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் எடைமேடைப் பக்கமாக நடந்தாள். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது மாமாவும் கூட வந்தார். எடைமேடையில் சிரித்த சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"மாப்ளே, மெசின் என்னமோ தப்பாக் காட்டிருச்சு."

"மெசின் பொய் சொல்லாதுங்க மாமா."

 பின்னால் நின்ற அம்மா, "சொல்லு. நீ சொல்லிக் குடுத்த பாடந்தான, சொல்லு" என்றாள். மாமா தலையைச் சொறிந்தார். ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"அந்த வெயிட்டு உன்றதில்ல சாமி. என்றது."

"உங்குளுதுங்களா?"

"என்றதேதான். நீ வெளிய வந்து சாப்புடு. நான் போயி எறக்கிட்டு வாரேன்."

என் பாவத்தை மாமா தன் தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டார் என்று புரிந்துகொண்டேன். லோடு மாற்றுவது அவருக்குத் தெரியாத வேலையா? வெளியே வந்தேன். பயம் போன இடத்தில் பசி வந்து உட்கார்ந்தது. ஆனாலும் சாப்பிடுவதற்குமுன் ஒரு சந்தேகம்: இவர் நிஜமாகவே போவாரா? பின்னாலேயே ஓடினேன். அம்மாவும் வந்தாள்.

கோயில் வாசலில் மாமா ரொம்ப நேரம் செருப்பைக் கழற்றினார். அவ்வளவு நேரம் கழற்றுகிற செருப்பல்ல அது. அப்புறம் உள்ளே போய், கிழவிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முறை வந்ததும் மண்டியிட்டார். நான் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டியிட்டவர் எழவே இல்லை. எங்கள் வகுப்பு மொத்தமும் சேர்ந்து எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அதிகம் இருக்கும். தோள் குலுங்கியது. பாவம் மாமா, என் இருபது கிலோவை இறக்குவதற்குள் இந்தப் பாடுபடுகிறாரே என்று இருந்தது எனக்கு. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பிக்கு இப்படி ஒரு சுமையை ஏற்றிவிட்டானே பிள்ளை என்று அழுகிறாள் என நினைத்து, "இனிமேப் பண்ணமாட்டனுங்கம்மா" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்து என் மண்டையில் ஒன்று வைத்தாள்.

மறுநாள் வெள்ளைச் சட்டையில் நான் நன்மை வாங்கித் திரும்பியபோது, பெரியவர்களின் வரிசையில் கடைசி ஆளாக மாமா வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அதற்கப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு லோடு இருக்கவில்லை. இப்போது அவர்தான் கோயில் கமிட்டியில் எல்லோரிடமும் சண்டை போடுகிறார். இந்தத் தவக்காலத் தியானத்தில் பிரசங்கியார் எவ்வளவு வளர்ந்தீர்கள் என்று கேட்டபோதுகூட, முதல் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என் மூக்குச் சத்தம் கேட்டதும் திரும்பாமலே அவர் முதுகு குலுங்கியது.

கல்லூரிக்குப் போகிற வயதில், ஒரு விடுமுறைக்கு எடைமேடையில் மாமாவுக்கு உதவியாக இருந்தேன். காலி மேடையின் ஓரத்தில் ஒரு கிளீனர் காலை ஊன்றிச் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். பெட்டியில் இருபது என்று எரிந்தது. நான் பெட்டியைப் பார்த்தேன். கிளீனரின் காலைப் பார்த்தேன். மாமாவைப் பார்த்தேன். மாமா அவசரமாக ரோட்டைப் பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், என்னை நிமிர்ந்து பெட்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கேபின் வாசற்படியில் சாய்ந்து நின்ற மாமா தன் வலது காலை மேடையின் மேல் ஊன்றியிருந்தார்.