நான் வெட்டிப் போட்ட நாலு விரற்கடை

காமாட்சியின் நெஞ்சு தடுமாறிய இடத்தைக் கத்திரியால் வெட்டிப் போட்டவள் நான்தான். இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என் எழுத்து கோணலாக இருக்கும். கையெழுத்துக்கு மேல் கொஞ்சம் படித்தவள், அவ்வளவுதான். ஆனால் என் கண்ணைக் குறை சொல்ல ஆரணியில் ஆளில்லை! பட்டுச் சேலையில் ஓர் இழை விட்டிருந்தால் பத்தடி தள்ளி நின்றே காட்டுவேன். அந்தக் கண்தான் கெடுத்தது...

இடுப்பு விழுந்து தறிக்குழியில் இறங்க முடியாமல் போனபின், எழுபதுகளின் கடைசியில், ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். நெஞ்சுத் துடிப்பைக் கோடாக இழுக்கும் இ.சி.ஜி. மெஷின் அங்கே புதிதாக வந்திருந்தது. நர்சு அதை ஓட்டுவாள். காகிதம் முழம் முழமாக வரும். என் கத்திரிக் கையைப் பார்த்த டாக்டர், “இவ்ளோ நீளத்த வச்சிகினு இன்னா பண்றது? ஆளுக்குக் கொஞ்சம் வெட்டி நோட்டுல ஒட்டிடுங்கம்மா” என்றார். சாயங்காலம் அந்த நோட்டைப் பார்த்துத்தான் அவர் நோயைச் சொல்வார்.

எந்த இடத்தை வெட்டுவது? கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேனே!

எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். சேலைக்கு மாதிரி காட்டும்போது ஒரு புட்டா போதும். உடம்பெல்லாம் அதே பூதானே? பழுது விழுந்த இடத்தை எவளாவது மாதிரியில் வைப்பாளா? மாட்டாள். நானும் வைக்கவில்லை.

காமாட்சி முள்ளிப்பட்டுக்காரி. பக்கத்துத் தறியில் பல வருஷம் என்னோடு நெய்தவள். நெஞ்சு படபடக்கிறது என்று வந்தாள். கையிலும் காலிலும் ஒயரை மாட்டியதும் சிரித்தாள்.

“இன்னாக்கா, என்னியே தறியில ஏத்திட்டியா?”

“ஆடாம படுடி. இழை அறுந்துடும்.”

“அறுந்தா நீ முடிச்சுப் போட மாட்டியா?”

அவள் காகிதத்தை விரித்தேன். ஒரே அச்சில் ஓடிய கோடு ஓரிடத்தில் குதித்தது, பிறகு வெறுமையாகக் கொஞ்ச தூரம், பிறகு பழையபடி. நாலு விரற்கடைதான் இருக்கும். ‘மெஷின் இழுத்த பழுது’ என்று வெட்டிக் குப்பைச் சாக்கில் போட்டேன். அழகாக ஓடிய துண்டை ஒட்டினேன்.

சாயங்காலம் டாக்டர் நோட்டைப் பார்த்தார். “பயமில்ல, அசதிதான்” என்று டானிக் எழுதினார். ஒன்பதாம் நாள் தறியிலேயே சாய்ந்தாள்.

சேதி வந்ததும் நான் அழவில்லை. சாக்கைக் கவிழ்த்துத் தேடினேன். ஏன் அழுமுன் தேடினேன்? அப்போதே எனக்குத் தெரிந்திருந்ததா? துண்டு கிடைத்தது. டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும்... மடியில் செருகிக்கொண்டேன்.

காரியம் முடிந்து அவள் வீட்டுக்காரர் வந்தார். “ஏங்கக்கா, நோட்டுல எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன். துண்டு அப்போது என் மடியில் இருந்தது!

சில வருஷம் கழித்து, எண்பதுகளின் கடைசியில், எனக்கே நெஞ்சு வலி. வேலூருக்குப் போனேன். கம்ப்யூட்டர் பெட்டியில் கோடு ஓடியது, காகிதமே காணோம்.

“எல்லாத்தியும் எங்கம்மா வைப்பீங்க?” என்றேன்.

மெஷின் ஓட்டிய பெண் சொன்னாள்: “கம்ப்யூட்டரே சுருக்கி வச்சிக்கும்மா. ஒரே மாதிரி துடிப்பு ஒரு தபா இருந்தா போதும். அதுல இருந்து எது மாறுதோ, அத ஒண்ணு விடாம வச்சிக்கும்.”

பாதி சரியாகத்தான் செய்திருக்கிறேன், பாருங்கள். ஒரு பூ போதும் என்றது சரி. மீதிப் பாதி... அதில்தான் அவள் இருந்தாள்.

“இன்னாம்மா, துடிப்பு எகிறுது? பயந்துகினீங்களா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஆரணியில் அந்த நர்சு ஊரைவிட்டுப் போய்விட்டாள், டாக்டரும் போய்விட்டார். அப்போதாவது காமாட்சி வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். வழியில் எதிர்ப்படும்போதெல்லாம் அவர் என்னைக் கும்பிடுவார்: “அவளுக்கு நீங்கதான் பாத்து செஞ்சீங்க.” நானும் கும்பிடுவேன். கண்ணுள்ளவள் என்ற பேர் போய்விடும் என்றா வாயை மூடினேன்? வேறென்ன!

அந்தத் துண்டு இன்னும் என் பெட்டியில், மஞ்சள் துணியில் இருக்கிறது. கோடு வெளுத்துப் போய்விட்டது. நீங்கள் பார்த்தால் வெறும் காகிதம் என்பீர்கள்.

குதித்த இடத்தில் என்னால் இன்றும் விரல் வைக்க முடியும்.